சட்டச் செய்திகளில் ‘ஷல்’ எங்கே காணாமல் போகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஒரு புதிய சட்டமோ அரசாணையோ வெளியானால் நம் தமிழ் நாளிதழ்களில், உங்கள் நாளிதழையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், செய்தி ஒரே மாதிரிதான் முடிகிறது. ‘30 நாள்களுக்குள் தகவல் வழங்கப்படும்’, ‘புகார் மீது வழக்குப் பதிவு செய்யப்படும்’, ‘பதவிக்காலம் முடியுமுன் தேர்தல் நடத்தப்படும்’. எல்லாமே ‘படும்’. படிக்கிறவர் என்ன நினைப்பார்? அரசாங்கம் ஏதோ செய்யப்போகிறது, செய்தால் நல்லது, செய்யாவிட்டால் நாம் என்ன பண்ண முடியும் என்றுதான் நினைப்பார். ஆனால் அதே சட்டத்தின் ஆங்கில வாசகத்தை எடுத்துப் பார்த்தால் அந்த இடத்தில் ‘ஷல்’ (shall) என்ற துணைவினை இருக்கும். அதிகாரியைப் பார்த்து ‘நீ இதைச் செய்ய வேண்டும்’ என்று சட்டம் இடுகிற கட்டளை அது. தமிழ்ச் செய்தியாக மாறி வருவதற்குள் அந்தக் கட்டளை காணாமல் போய்விடுகிறது. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது, இடம் கொடுங்கள்.

நான் வழக்கறிஞர் இல்லை. எங்கள் ஊரில் வட்டாட்சியர் அலுவலகம், காவல் நிலையம், நகராட்சி என்று அலைகிறவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பவன். வருகிறவர்களில் பலர் செய்தித்தாளில் கத்தரித்த துண்டைக் கையில் வைத்திருப்பார்கள். ‘பேப்பர்லயே போட்டிருக்காங்களே சார், ஏன் செய்ய மாட்டேங்குறாங்க?’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அந்தத் துண்டில் யார் செய்ய வேண்டும், செய்தே தீர வேண்டுமா, விருப்பப்பட்டால் செய்யலாமா என்ற மூன்றும் இருக்காது. ‘செய்யப்படும்’ என்று மட்டும் இருக்கும். அதை வைத்து எந்த மேசைக்கு முன்னாலும் நின்று பேச முடியாது.

முதலில் அந்த வினையைப் பற்றி. ஆங்கிலத்தில் இதன் மிகப் பழைய பொருளே ‘கடன்பட்டிருக்கிறேன்’ என்பது. ஜெர்மன் மொழியில் இதற்கு உறவான ‘ஷுல்ட்’ என்ற சொல் இன்றைக்கும் கடனையும் குற்றத்தையும் குறிக்கிறது. எதிர்காலம் என்ற பொருள் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது. 1653-ல் ஜான் வாலிஸ் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் லத்தீனில் ஓர் ஆங்கில இலக்கணம் எழுதினார், அதில்தான் நாம் பள்ளியில் மனப்பாடம் செய்த விதி இருக்கிறது: ‘நான்’, ‘நாங்கள்’ என்பதோடு வந்தால் ‘ஷல்’ வெறும் எதிர்காலம், ‘நீ’, ‘அவன்’, ‘அது’ என்பதோடு வந்தால் அது வாக்குறுதி அல்லது மிரட்டல். நம் பள்ளிகளில் முதல் பாதியைச் சொல்லிக் கொடுத்துவிட்டு ‘மற்றதுக்கெல்லாம் வில் போடு’ என்று முடித்துவிடுகிறார்கள். குடிமகனுக்கு வேண்டியது இரண்டாம் பாதி. சட்டங்கள் எல்லாம் ‘அலுவலர்’, ‘ஆணையம்’, ‘ஆளுநர்’ என்று படர்க்கையில்தான் பேசும். படர்க்கையில் ‘ஷல்’ வந்தால் அது எதிர்காலம் இல்லை, கடமை. இந்த ஒரு விஷயத்தை ஒன்பதாம் வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்திருந்தால் எத்தனையோ பேர் அலுவலக வாசலில் இருந்து வெறுங்கையோடு திரும்பியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

இதைத் தமிழில் சொல்லச் சொல் இல்லையா என்றால், தாராளமாக இருக்கிறது. ‘செய்ய வேண்டும்’ இருக்கிறது, இன்னும் அழுத்த ‘செய்தே ஆக வேண்டும்’ இருக்கிறது, விருப்பத்துக்கு விட ‘செய்யலாம்’ இருக்கிறது, தடுக்க ‘செய்யக் கூடாது’ இருக்கிறது. பேச்சில் இந்த வேறுபாட்டை நாம் யாரும் தவறவிடுவதே இல்லை. ‘ஷல் ஐ குளோஸ் த டோர்’ என்று ஒருவர் கேட்டால் ‘கதவைச் சாத்தட்டுமா’ என்றுதான் எந்தத் தமிழரும் சொல்வார், ‘ஷல் வீ கோ’ என்றால் ‘போகலாமா’. ‘நான் கதவைச் சாத்துவேனா’ என்று யாரும் மொழிபெயர்ப்பதில்லை. வாய்ப்பேச்சில் இவ்வளவு கூர்மையாக இருக்கிற நாம் சட்டச் செய்தி எழுத உட்கார்ந்ததும் ‘ஷல்’, ‘மே’ (may, அதாவது ‘செய்யலாம்’), ‘வில்’ மூன்றையும் ஒரே ‘படும்’ என்ற சாக்கில் போட்டுக் கட்டிவிடுகிறோம். ‘படும்’ என்பதில் இன்னொரு தொல்லையும் இருக்கிறது, அதில் செய்கிற ஆளே இல்லை. ‘நகல் வழங்கப்படும்’. யார் வழங்குவார்? தெரியாது.

இது வெறும் மொழி விவகாரம் என்று தோன்றினால் காவல் நிலையத்தைப் பாருங்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 154-வது பிரிவு, கைது செய்யத்தக்க குற்றம் பற்றி ஒருவர் வாய்மொழியாகத் தகவல் சொன்னாலும் நிலையப் பொறுப்பு அலுவலர் அதை எழுத்தில் எடுக்க வேண்டும், பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்று சொன்னது. அங்கே இருந்த வினை ‘ஷல்’. புகார் கொடுத்தவருக்கு எஃப்.ஐ.ஆர். நகலை உடனே, இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பதற்கும் ‘ஷல்’தான். அப்படி இருந்தும் பதிவு செய்வதா, முதலில் விசாரித்துப் பார்ப்பதா என்பதில் நாடு முழுக்கக் குழப்பம் இருந்தது, தீர்ப்புகளே இரு பக்கமும் இருந்தன. 2013 நவம்பர் 12 அன்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு இதை முடித்து வைத்தது. அமர்வுக்குத் தலைமை வகித்தவர் நம் ஈரோடு மாவட்டத்துக்காரரான தலைமை நீதிபதி ப.சதாசிவம். தகவலில் கைது செய்யத்தக்க குற்றம் தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். பதிவு கட்டாயம், அந்தப் பிரிவில் ‘ஷல்’ என்று இருக்கிறது, நிலைய அலுவலருக்கு அங்கே வேறு வழி இல்லை என்பதுதான் தீர்ப்பின் சாரம். குடும்பத் தகராறு, வணிகத் தகராறு, மருத்துவக் கவனக்குறைவு, ஊழல் போன்ற சில வகைகளில் மட்டும் முதல்கட்ட விசாரணைக்கு இடம் விட்டார்கள்.

இன்றைக்கும் நம் ஊரில் புகாரோடு போனால் சி.எஸ்.ஆர். ரசீது ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்புகிறார்கள். மக்கள் அதையே எஃப்.ஐ.ஆர். என்று நம்பிப் பத்திரமாகப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருப்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன். சி.எஸ்.ஆர். என்பது மனு பெற்றதற்கான ரசீது, அவ்வளவுதான், வழக்குப் பதிவு ஆகாது. ‘பதிவு செய்ய வேண்டும்’ என்று சட்டம் சொல்கிறது என்பதை அவர்கள் எங்கேயாவது தமிழில் தெளிவாகப் படித்திருந்தால் அந்த ரசீதோடு திரும்பியிருக்க மாட்டார்கள்.

சரி, இப்போது அந்தப் பழைய சட்டம் இல்லை. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. அதில் 154-க்குப் பதில் 173. பதிவு பற்றிய பகுதியில் ‘ஷல்’ அப்படியே இருக்கிறது. ஆனால் கூடவே ஒரு புதிய உட்பிரிவு வந்திருக்கிறது: மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குக் குறைவாகத் தண்டனை உள்ள குற்றமாக இருந்தால், டி.எஸ்.பி. தரத்துக்குக் குறையாத அதிகாரியின் முன் அனுமதி பெற்று, முகாந்திரம் இருக்கிறதா என்று 14 நாளுக்குள் முதல்கட்ட விசாரணை நடத்தலாம். இங்கே வினை ‘மே’. அதாவது நடத்தலாம், நடத்தாமலும் இருக்கலாம். புதிய சட்டம் வந்தபோது நான் படித்த செய்திகளில் ‘14 நாள் விசாரணைக்குப் பிறகே வழக்குப் பதிவு செய்யப்படும்’ என்கிற மாதிரி வந்தது. எல்லாப் புகாருக்கும் 14 நாள் காத்திருக்க வேண்டும் என்று மக்கள் நினைத்துக்கொண்டார்கள். கொலை முயற்சிப் புகாருக்கும் நினைத்துக்கொண்டார்கள். ஒரு ‘லாம்’ போட்டிருந்தால் போதுமே.

‘ஷல்’ என்று எழுதிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில் கேசில் ராக் என்ற ஊரில் 1999 ஜூன் மாதம் நடந்ததைக் கேளுங்கள். பிரிந்து வாழ்ந்த கணவனுக்கு எதிராக ஒரு தாய் நீதிமன்றத் தடை உத்தரவு வாங்கி வைத்திருந்தார். உத்தரவை மீறினால் காவலர் கைது செய்ய வேண்டும் அல்லது பிடியாணை கேட்க வேண்டும் என்று மாநிலச் சட்டத்தில் ‘ஷல்’ போட்டு எழுதியிருந்தது, உத்தரவின் பின்பக்கத்திலேயே காவலருக்கான அறிவுறுத்தலாக அச்சிட்டும் இருந்தது. அந்த ஆள் மூன்று மகள்களையும் கூட்டிக்கொண்டு போய்விட்டான். தாய் அன்று மாலையில் இருந்து நள்ளிரவு தாண்டியும் திரும்பத் திரும்பக் காவல் துறையைக் கேட்டுக்கொண்டே இருந்தார், அவர்கள் ‘பொறுத்துப் பாருங்கள்’ என்றார்கள். விடிவதற்கு முன் அவன் காவல் நிலையத்துக்கே வந்து துப்பாக்கியால் சுட்டான், அவர்கள் திருப்பிச் சுட்டதில் செத்தான், வண்டிக்குள் மூன்று பிள்ளைகளின் உடல்கள் இருந்தன. தாய் வழக்குப் போட்டார். 2005-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. கைது பற்றிய சட்டங்களில் ‘ஷல்’ என்று இருந்தாலும் காவலரின் விருப்புரிமை என்ற பழைய மரபு அதோடு சேர்ந்தே இருந்து வந்திருக்கிறது, அதனால் அமலாக்கத்தைக் கேட்கும் உரிமை அவருக்கு இல்லை என்றார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதில்லை. இதே வினையை வைத்து நம் உச்ச நீதிமன்றம் புகார்தாரர் பக்கம் நின்றது, அவர்களுடைய நீதிமன்றம் எதிர்ப்பக்கம் போனது.

நம் நீதிமன்றங்களும் எப்போதும் ஒரே மாதிரி படித்ததில்லை. அரசு ஊழியர் மீதான ஒழுங்கு நடவடிக்கையில் தேர்வாணையத்தைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்று அரசமைப்பின் 320-வது பிரிவு ‘ஷல்’ போட்டுச் சொல்கிறது, ஆனால் 1957-ல் மன்போதன் லால் வழக்கில் அது கட்டாயம் இல்லை, கலந்தாலோசிக்காததால் மட்டும் நடவடிக்கை செல்லாமல் போகாது என்றார்கள். உரிமையியல் வழக்கில் எதிர்வாதி பதிலுரை தாக்கல் செய்ய 90 நாளுக்கு மேல் கூடாது என்று இருந்த விதியையும் 2005-ல் சேலம் வழக்கறிஞர் சங்கம் தொடுத்த வழக்கில் வழிகாட்டும் தன்மை உடையதுதான் என்று முடிவு செய்தார்கள். ஆனால் நுகர்வோர் வழக்கில் எதிர்த்தரப்பு பதில் சொல்ல 30 நாள், மேற்கொண்டு 15 நாள், அதற்கு மேல் ஒரு நாள்கூடக் கிடையாது என்று 2020-ல் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. ‘ஷல்’ இருந்தால் முதல் பார்வைக்குக் கட்டாயம், ஆனால் சட்டத்தின் நோக்கம் என்ன, செய்யாவிட்டால் என்ன விளைவு என்று சட்டம் சொல்லியிருக்கிறதா என்பதையெல்லாம் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். அதனால்தான் செய்தியில் ‘வேண்டும்’ என்று எழுதுவதோடு விளைவையும் எழுதுங்கள் என்கிறேன்.

விளைவு எவ்வளவு முக்கியம் என்பதற்குத் தகவல் உரிமைச் சட்டத்தைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 2005-ம் ஆண்டுச் சட்டம். 7-வது பிரிவின்படி பொதுத் தகவல் அலுவலர் 30 நாளுக்குள் தகவல் கொடுக்க வேண்டும் அல்லது காரணம் சொல்லி மறுக்க வேண்டும், உயிர் அல்லது சுதந்திரம் சம்பந்தப்பட்டதென்றால் 48 மணி நேரத்துக்குள். ‘ஷல்’. கொடுக்காவிட்டால்? 20-வது பிரிவு: தக்க காரணம் இல்லாமல் தாமதித்தால் நாளுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை தகவல் ஆணையம் அவருக்கு அபராதம் விதிக்க வேண்டும். அதுவும் ‘ஷல்’. இப்போது அதே சட்டத்தில் முதல் மேல்முறையீட்டுக்கு வாருங்கள். முதல் மேல்முறையீட்டு அலுவலர் 30 நாளில், காரணம் எழுதி வைத்தால் அதிகபட்சம் 45 நாளில், மனுவை முடிக்க வேண்டும். இங்கும் ‘ஷல்’. முடிக்காவிட்டால்? ஒன்றும் இல்லை. 20-வது பிரிவின் அபராதம் தகவல் அலுவலருக்குத்தான், மேல்முறையீட்டு அலுவலரை அது தொடவே இல்லை. இரண்டாவது மேல்முறையீட்டை ஆணையம் எத்தனை நாளில் முடிக்க வேண்டும் என்பதற்குச் சட்டத்தில் காலக்கெடுவே கிடையாது. நான் ஒரு அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்த ஒரு மேல்முறையீட்டுக்குப் பதிலே வரவில்லை, நேரில் போய்க் கேட்டபோது ‘எங்களுக்கு என்ன ஃபைனா போடப்போறாங்க’ என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். சட்டத்தின் ஆங்கிலத்தை அவர்கள் நன்றாகவே படித்திருந்தார்கள். படிக்க வழி இல்லாமல் இருப்பது நம் ஆட்கள்தான்.

ஆங்கிலத்தையே ஏன் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்று யாராவது கேட்கலாம். அரசமைப்பின் 348-வது பிரிவு இருக்கிறதே. சட்டங்கள், விதிகள், ஆணைகள் எல்லாவற்றுக்கும் அதிகாரப்பூர்வ வாசகம் ஆங்கிலம், சட்டமன்றம் மாநில மொழியில் சட்டம் இயற்றினாலும் அரசிதழில் வெளியாகும் ஆங்கில மொழிபெயர்ப்பே அதிகாரப்பூர்வமாகக் கொள்ளப்படும் என்கிறது அது. இது மாற வேண்டும் என்பது என் கருத்து, அது வேறு கடிதம். மாறும் வரைக்கும் நம் உரிமை ஓர் ஆங்கிலத் துணைவினையில் தொங்கிக்கொண்டிருக்கிறது என்பது உண்மை.

உள்ளாட்சித் தேர்தலுக்கு வருகிறேன், இதுதான் என்னை எழுத வைத்தது. அரசமைப்பின் 243இ (243E) பிரிவு ஊராட்சியின் ஆயுள் ஐந்து ஆண்டு, அதற்கு மேல் இல்லை என்கிறது. அந்தக் காலம் முடியுமுன் அடுத்த தேர்தலை நடத்தி முடித்திருக்க வேண்டும் என்கிறது, ‘ஷல் பி கம்ப்ளீட்டட்’ என்பது வாசகம். நகராட்சிகளுக்கு 243யு பிரிவில் இதே வாசகம். 2006-ல் அகமதாபாத் மாநகராட்சி பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம், மாநிலத் தேர்தல் ஆணையம் இந்தக் கெடுவைக் கடைப்பிடிக்க வேண்டும், வார்டு மறுவரையறை போன்ற காரணங்களைக் காட்டித் தள்ளிப்போட முடியாது என்று தெளிவாகச் சொன்னது. தமிழ்நாட்டில் நடந்தது என்ன? 2016 அக்டோபரில் நடந்திருக்க வேண்டிய ஊரகத் தேர்தல் 27 மாவட்டங்களில் 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில் நடந்தது. மீதி ஒன்பது மாவட்டங்களுக்கு 2021 அக்டோபர். நகர்ப்புறத்துக்கு 2022 பிப்ரவரி 19. அதுவரை தனி அலுவலர்கள். அப்புறம் அந்த 27 மாவட்டங்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்தது, மறுபடியும் தனி அலுவலர்கள்.

இந்தக் காலம் முழுக்க நான் படித்த செய்திகளின் மொழியைச் சொல்கிறேன்: ‘விரைவில் தேர்தல் நடத்தப்படும் என எதிர்பார்க்கப்படுகிறது’. ‘எதிர்பார்க்கப்படுகிறது’ என்பது மழைக்குச் சொல்கிற சொல். நாள் குறித்து அரசமைப்பே கட்டளை இட்ட ஒரு காரியத்துக்கு அதை எப்படி எழுத முடியும்? ‘பதவிக்காலம் முடியுமுன் நடத்தி முடித்திருக்க வேண்டும், நடத்தவில்லை’ என்று எழுதுவதில் கட்சி சார்பு எதுவும் இல்லை. இரண்டு கட்சிகளின் ஆட்சியிலும் இது நடந்தது. வாய்க்கால் தூர்வார, தெருவிளக்குப் போட, குடிநீர் கேட்க ஊர்த் தலைவர் வீட்டுக் கதவைத் தட்டியவர்கள் தனி அலுவலரை எங்கே போய்த் தேடுவார்கள்? வட்டார வளர்ச்சி அலுவலகத்துக்குப் பேருந்து ஏறிப் போக வேண்டும். ஒருநாள் கூலி போகும்.

ஆளுநர் விவகாரத்தில் மட்டும் நம் நாளிதழ்கள் இந்த வினையைக் கொஞ்சம் கவனித்தன என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அரசமைப்பின் 200-வது பிரிவில் ஒரே மூச்சில் இரண்டு வினைகளும் வருகின்றன. மசோதா வந்தால் ஆளுநர் ஒப்புதல் தருகிறார், நிறுத்தி வைக்கிறார் அல்லது குடியரசுத் தலைவருக்கு அனுப்பி வைக்கிறார் என்று மூன்றில் ஒன்றை அறிவிக்க வேண்டும் (‘ஷல்’), பண மசோதா தவிர மற்றவற்றைக் கூடிய விரைவில் சட்டமன்றத்துக்குத் திருப்பி அனுப்பலாம் (‘மே’), திருப்பி வந்ததைச் சட்டமன்றம் மறுபடி நிறைவேற்றி அனுப்பினால் ஒப்புதலை நிறுத்தி வைக்கக் கூடாது (‘ஷல் நாட்’). அறிவிக்க வேண்டும் என்று இருக்கிறது, எத்தனை நாளில் என்று இல்லை. அந்த இடைவெளியில்தான் தமிழ்நாடு சட்டமன்றத்தின் பத்து மசோதாக்கள் சிக்கிக்கொண்டன. 2023 நவம்பர் 13-ல் ஆளுநர் ஒப்புதலை நிறுத்தினார், 18-ல் சட்டமன்றம் சிறப்புக் கூட்டத்தில் மறுபடி நிறைவேற்றியது, 28-ல் அவர் குடியரசுத் தலைவருக்கு அனுப்பிவிட்டார். 2025 ஏப்ரல் 8 அன்று நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு அது செல்லாது, பத்தும் ஒப்புதல் பெற்றதாகவே கொள்ளப்படும் என்று சொல்லிக் காலக்கெடுவும் விதித்தது. அதே ஆண்டு நவம்பர் 20-ல் குடியரசுத் தலைவர் கேட்ட கேள்விகளுக்கு ஐந்து நீதிபதிகள் அமர்வு கருத்துச் சொன்னபோது, நீதிமன்றம் அப்படி நாள் குறிக்க முடியாது, ஒப்புதல் கிடைத்ததாக வைத்துக்கொள்ளவும் முடியாது, ஆனால் காரணமே சொல்லாமல் நீண்ட காலம் கிடப்பில் போட்டால் குறைந்த அளவில் தலையிடலாம் என்றது. இதில் யார் பக்கம் நியாயம் என்று நான் எழுத வரவில்லை. ஆனால் நாள் எண்ணிக்கை இல்லாத ‘ஷல்’ எப்படி இழுபடும் என்று இத்தனை பெரிய வழக்கில் நாடே பார்த்துவிட்டது. மக்களவைத் துணைத் தலைவர் பதவியும் இப்படித்தான். 93-வது பிரிவு மக்களவை கூடிய விரைவில் தேர்ந்தெடுக்க வேண்டும் என்கிறது. 2014 முதல் 2019 வரை நம் தம்பிதுரை அந்தப் பதவியில் இருந்தார், அடுத்த மக்களவை 2019 முதல் 2024 வரை ஐந்து ஆண்டும் துணைத் தலைவரே இல்லாமல் முடிந்தது.

கல்விக்கு வாருங்கள். அரசமைப்பு நடைமுறைக்கு வந்தபோது 45-வது பிரிவு, பத்து ஆண்டுக்குள் 14 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி தர அரசு ‘முயல வேண்டும்’ என்றுதான் சொன்னது. ‘ஷல்’ இருந்தது, ஆனால் அது ஆண்ட வினை ‘முயல்’. முயன்றோம் என்று சொன்னால் கடமை தீர்ந்தது, 1960-ம் வந்து போனது. 2002-ல் 86-வது திருத்தம் 21ஏ பிரிவைச் சேர்த்தபோது 6 முதல் 14 வயது வரை அரசு கல்வி ‘தர வேண்டும்’ என்று ஆனது, அதன்பேரில் வந்த கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1-ல் நடைமுறைக்கு வந்தது. ‘முயல வேண்டும்’ என்பதிலிருந்து ‘தர வேண்டும்’ என்பதற்கு வர ஐம்பது ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது. செய்தியில் இரண்டையும் ‘இலவசக் கல்வி வழங்கப்படும்’ என்று எழுதினால் அந்த ஐம்பது ஆண்டுப் போராட்டமே தெரியாமல் போய்விடுகிறது.

உலக நாடுகள் இந்த ஒரு வினைக்காக எவ்வளவு கவனமாக இருக்கின்றன என்பதற்கு ஒன்றே ஒன்று சொல்கிறேன். 2015 டிசம்பர் 12, பாரிஸ் பருவநிலை மாநாட்டின் கடைசி நாள். வளர்ந்த நாடுகள் மாசு வெளியீட்டைக் குறைப்பதில் முன்னின்று செயல்படுவது பற்றிய 4-வது பிரிவில், இறுதி வரைவில் ‘ஷல்’ என்று இருந்ததை அமெரிக்கத் தரப்பு பார்த்துவிட்டது. ‘ஷல்’ என்றால் சட்டக் கடமை, அதற்கு அவர்கள் செனட் சபையின் ஒப்புதல் வேண்டும், அது கிடைக்காது. கிட்டத்தட்ட இருநூறு நாடுகளும் அரங்கில் காத்திருக்க, பேச்சு நடந்து, தொழில்நுட்பத் திருத்தம் என்ற பெயரில் அது ‘ஷுட்’ (should, கட்டளை இல்லை, ‘செய்வது நல்லது’ என்ற அளவுதான்) என்று மாற்றப்பட்ட பிறகுதான் ஒப்பந்தம் நிறைவேறியது. அவ்வளவு பெரிய தேசம் ஒரு துணைவினைக்காக மாநாட்டையே நிறுத்தி வைத்தது. தென்னாப்பிரிக்காவோ 1996-ல் தன் அரசமைப்பை எழுதியபோது சந்தேகமே வேண்டாம் என்று ‘ஷல்’லை விட்டுவிட்டு ‘மஸ்ட்’ என்று எழுதியது. அமெரிக்காவின் கூட்டாட்சி உரிமையியல் நடைமுறை விதிகளைக்கூட 2007-ல் அப்படித்தான் திருத்தி எழுதினார்கள். நம் சட்டங்களிலும் அது நடந்தால் நல்லது, ஆனால் அது நாடாளுமன்றத்தின் வேலை.

உங்களால் ஆவது எது என்று சொல்கிறேன். ஒரு சட்டத்தையோ விதியையோ அரசாணையையோ செய்தியாக்கும்போது உங்கள் நிருபர் ஆங்கில மூலத்தைத் திறந்து அந்த வினையைப் பார்க்கட்டும். ‘ஷல்’ என்றால் ‘வேண்டும்’ என்று எழுதட்டும், ‘மே’ என்றால் ‘லாம்’, ‘ஷல் நாட்’ என்றால் ‘கூடாது’. எழுவாயை விடாமல் ‘வட்டாட்சியர் கொடுக்க வேண்டும்’, ‘ஆணையர் ரத்து செய்யலாம்’ என்று எழுதட்டும். எத்தனை நாளில் என்று இருந்தால் அதையும், செய்யாவிட்டால் என்ன என்று சட்டம் சொல்லியிருந்தால் அதையும், எதுவும் சொல்லவில்லை என்றால் ‘செய்யாவிட்டால் என்ன என்று சட்டத்தில் இல்லை’ என்று அதையும் ஒரு வரி போடட்டும். ‘படும்’ என்பதை அமைச்சர் மேடையில் அறிவிப்பதற்கு வைத்துக்கொள்ளுங்கள், அது அறிவிப்புதான், அங்கே பொருந்தும். இடம் போதாது என்பீர்கள். ‘வழங்கப்படும்’ என்பதைவிட ‘வழங்க வேண்டும்’ ஒன்றும் அவ்வளவு நீளமில்லை.

வழக்கறிஞர்கள் சிலர் ‘மே என்று இருந்தாலும் சில இடங்களில் நீதிமன்றம் ஷல் என்று படிக்கும், அதனால் நீங்கள் சொல்கிற மாதிரி அவ்வளவு சுலபமில்லை’ என்று எதிர்க் கடிதம் எழுதக்கூடும். உண்மைதான், அதிகாரத்தோடு கடமையும் சேர்ந்து வரும் இடங்களில் அப்படிப் படித்திருக்கிறார்கள். ஆனால் அது நீதிமன்றத்துக்குப் போன பிறகு. மூலத்தில் என்ன வினை இருக்கிறது என்பதே தெரியாதவர் நீதிமன்றம் வரைக்கும் எப்படிப் போவார்? முதலில் வாசகம் அவர் கைக்கு வரட்டும், விளக்கம் அப்புறம்.

தொடங்குவதற்கு ஊரக உள்ளாட்சித் தேர்தல் செய்திகளே போதும். அது பற்றி எப்போது செய்தி வந்தாலும் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டியில் 243இ பிரிவின் வாசகத்தைத் தமிழில் போடுங்கள், ‘பதவிக்காலம் முடியுமுன் தேர்தலை நடத்தி முடித்திருக்க வேண்டும்’ என்று, உங்கள் மாவட்டப் பதிப்புகள் எல்லாவற்றிலும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கும்பகோணம்.